பியானோ விலைபோகாத விவரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். தையல் மெஷின் நலம். கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களும் இடுப்பளவைத் தவிர மற்றபடி நலம். அங்கே நீங்களும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கல்யாணமாகிப் போன பெண்ணை, அதுவும் மாப்பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தில், பாப்பா என்று எழுதக் கூடாது என்று உங்கள் அத்தை தோளுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள். எனக்கும் தெரிகிறது, கைதான் கேட்க மாட்டேன் என்கிறது. பியானோ நலமா என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது நியாயம். ஆனால் உங்களிடம் போனில் பேசினால் எனக்கு "சரிங்க மாப்பிள்ளை" என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. போன தடவையும் அப்படித்தான் ஆயிற்று. "மாமா, அந்தப் பியானோவ வித்துடலாம். இங்க மாடிப்படி குறுகல், ஏத்தவே முடியாது. அவளுக்கு இங்கயே ஒரு எலக்ட்ரிக் கீபோர்டு வாங்கிக் குடுத்துடறேன், அவளும் சரின்னுட்டா" என்றீர்கள். நான் சரிங்க மாப்பிள்ளை என்றேன். "மியூசிக் டீச்சர் ஒருத்தங்க பார்க்க வருவாங்க, வாசிச்சுப் பார்த்துட்டுப் பிடிச்சா எடுத்துக்குவாங்க" என்றீர்கள். அதற்கும் சரிங்க மாப்பிள்ளை என்றேன். போனை வைத்ததும் உங்கள் அத்தை, "எதுக்குங்க எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டறீங்க?" என்று கேட்டாள். அவளிடமும் சரி என்றேன்.

உங்கள் முடிவில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாப்பா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வருகிறாள். வந்ததும் வராததுமாகப் கடையாக இருக்கிற முன்னறையில் பையை என் வெட்டு மேஜைமேல் போட்டுவிட்டுப் பியானோவைத் திறக்கிறாள். மத்தியானம் வரைக்கும் வாசிக்கிறாள், எங்களோடு சாப்பிடுகிறாள், உங்கள் அத்தையிடம் நாலு திட்டு வாங்குகிறாள், சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிடுகிறாள். அவள் பியானோவுக்காகத்தான் வருகிறாள் என்று உங்கள் அத்தை சொல்கிறாள். நமக்காகவும்தான் வருகிறாள் என்று நான் சொல்கிறேன். பியானோ இந்த வீட்டைவிட்டுப் போனால் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும். அந்தப் பரீட்சையை வைத்துப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை. ஆனால் அது வேறு விஷயம், இந்தக் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நீங்கள் விற்கச் சொன்னீர்கள், நான் விற்பதற்கு ஏற்பாடு செய்தேன். அந்த ஏற்பாட்டில் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டேனோ என்னவோ, அதை நீங்களே படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு சட்டையை வாடிக்கையாளர் போட்டுப் பார்க்க வருவதற்கு முன்னால் நூல் பிசிறெல்லாம் வெட்டி, காலரைத் திருப்பிப் பார்த்து, இஸ்திரி போட்டு மாட்டி வைப்பது எங்கள் தொழில் ஒழுக்கம். பியானோவையும் அப்படியே வெறுமனே காட்டிவிட மனசு வரவில்லை. அதனால் கடைக் கதவைச் சாத்திவிட்டு, பியானோவின் மேல் மூடியைத் திறந்து, டார்ச் லைட்டோடு தலையை உள்ளே விட்டேன். உங்கள் அத்தையை ஸ்டூலில் உட்கார வைத்து, "ஒவ்வொரு பெடலா மிதி, உள்ள என்ன அசையுதுன்னு பார்க்கணும்" என்றேன். "எது மொதல்ல?" என்றாள். "வலது" என்றேன். "உங்க வலதா, என் வலதா?" என்றாள். "ரெண்டு பேரும் ஒரே செவத்தத்தானேம்மா பார்த்துட்டிருக்கோம், ரெண்டு பேருக்கும் ஒரே வலதுதான்" என்றேன். "அப்புறம் எதுக்கு எப்பவும் எதிர்ப்பக்கமாவே போறீங்க?" என்று கேட்டுவிட்டு நடுப் பெடலை மிதித்தாள். இப்படியாக எங்கள் ஆராய்ச்சி ஆரம்பித்தது.

எனக்கு அதுவரைக்கும் பெடல் என்றால் தெரிந்தது ஒன்றுதான். மிதித்தால் ஊசி ஓடும், நிறுத்தினால் நிற்கும். இதில் மூன்று இருக்கிறது, மூன்றில் ஒன்றுகூடச் சத்தத்தை உண்டாக்குவதில்லை மாப்பிள்ளை! சத்தத்தை உண்டாக்குவது விரல். அந்தச் சத்தத்தை என்ன செய்வது என்று தீர்மானிப்பதுதான் கால். விரலால் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஃபெல்ட் என்கிற தடித்த கம்பளித் துணி சுற்றிய சின்னச் சுத்தியல் ஒன்று பாய்ந்து போய்க் கம்பியைத் தட்டுகிறது. அதே நேரத்தில் அந்தக் கம்பிமேல் சாய்ந்து அதை வாய் திறக்கவிடாமல் வைத்திருக்கிற அடக்குக் கட்டை ஒன்று விலகிக்கொள்கிறது. விரலை எடுத்தால் அந்தக் கட்டை திரும்ப வந்து சாய்ந்துகொள்கிறது, சத்தம் கப்சிப். வலது பெடலை மிதித்தால் இந்த அடக்குக் கட்டைகள் எல்லாம் ஒரேயடியாக விலகிவிடுகின்றன. அப்புறம் விரலை எடுத்தாலும் சத்தம் நிற்காது. அதோடு விடுகிறதா என்றால் இல்லை, நாம் தொடவே தொடாத கம்பிகளும் பக்கத்துக் கம்பி பாடுவதைக் கேட்டுத் தாங்களும் சேர்ந்து முனகுகின்றன. அடக்க ஆளில்லாவிட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? இடது பெடலை மிதித்தால் சுத்தியல்கள் எல்லாம் வரிசையோடு முன்னால் நகர்ந்து கம்பிக்குப் பக்கத்திலேயே போய் நிற்கின்றன. ஓங்குகிற தூரம் குறைந்துபோனதால் அடி மெல்ல விழுகிறது. நடுப் பெடலை மிதித்தால் சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே நீளமாக ஒரு ஃபெல்ட் துணி இறங்கி மறைக்கிறது, சத்தம் போர்வைக்குள் பேசுகிற மாதிரி கேட்கிறது. பரீட்சைக் காலத்தில் பாப்பா விடிவதற்கு முன்னாலேயே எழுந்து வாசித்தும் நாங்கள் குறட்டை விட்டுத் தூங்கியது இந்தத் துணியின் புண்ணியத்தில்தான் என்று இப்போதுதான் புரிந்தது. "இந்த நடுப் பெடல் ஒண்ணு உங்க வாய்க்கும் வெச்சிருக்கலாம், நான் அதுமேல வெச்ச கால எடுத்திருக்கவே மாட்டேன்" என்றாள் உங்கள் அத்தை. இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

முதல் சிக்கல் அந்தத் துணியில்தான். டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிறேன், ஃபெல்ட்டைப் பூச்சி அரித்துச் சல்லடையாக்கி வைத்திருக்கிறது. ஓரமும் அடிக்கவில்லை, கத்தரித்து அப்படியே ஒட்டிவிட்டிருக்கிறார்கள். ஒரு தையல்காரன் வீட்டில் ஓரம் அடிக்காத துணி இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் நான் நாளைக்கு எந்த முகத்தோடு அளவெடுப்பது? பழையதைக் கழற்றிவிட்டு, கடையில் மிச்சமிருந்த நல்ல கம்பளித் துணியில் அதே அளவுக்குப் புதிதாக ஒன்று வெட்டினேன். உள்ளே லைனிங் கொடுத்தேன், ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டேன். மாட்டிப் பார்த்தால் துணி நேராகத் தொங்காமல் அங்கங்கே சுருண்டுகொண்டது. கனம் போதவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு வழி இருக்கிறது, அடியோரத்தில் கனமாக எதையாவது வைத்துத் தைத்துவிடுவோம். என்னிடம் டப்பா நிறைய உலோகப் பிரஸ் பட்டன் இருந்தது. அடியோரம் முழுக்கப் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தேன். எண்பத்தெட்டுக் கட்டைக்கும் ஆளுக்கொன்று. ஒன்றுக்கு வைத்து இன்னொன்றுக்கு வைக்காமல் விடுவது ஓரவஞ்சனை இல்லையா? அதுவும் ஏனோதானோ என்று இல்லை, சாக்கட்டியால் குறி போட்டு, ஒவ்வொரு பட்டனும் அதனதன் சுத்தியலுக்கு நேராக உட்காருகிற மாதிரி வைத்தேன். இந்தத் துல்லியம்தான் வினையாகப் போயிற்று. நடுப் பெடலை மிதித்துக்கொண்டு வாசித்தால் சுத்தியல் பட்டனைத் தள்ள, பட்டன் போய்க் கம்பியைத் தட்ட, சத்தம் அடங்குவதற்குப் பதிலாக ஜல்ஜல் ஜல்ஜல் என்று தகரக் கடையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி கிளம்பியது. உங்கள் அத்தை கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஏங்க, இது தெரியாம செஞ்சதா, தெரிஞ்சே செஞ்சதா?" என்றாள். "நீ போய் டீ போடு" என்றேன்.

இரண்டாவது, வலது பெடல். அதை மிதிக்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் வரும், நீங்களும் கேட்டிருப்பீர்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு... வேண்டாம், அதை விடுங்கள். வாங்க வருகிறவர் காதில் கீச்சென்று விழுந்தால் நன்றாகவா இருக்கும்? பெடல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பொந்தில் மரமும் பித்தளையும் உரசுவதால்தான் அந்தச் சத்தம். கோட்டு முழங்கையில் ஒட்டுப்போடுகிற தோல் இருக்கிறதே, அதை மடித்துப் பெடலுக்கு மேலே அந்தப் பொந்துக்குள் திணித்தேன். கீச்சு போயிற்று. கூடவே பெடல் மேலே எழும்புவதும் போயிற்று. தோல் ஒரு மடிப்பு கூடிவிட்டது போலிருக்கிறது, பெடல் எப்போதும் பாதி மிதித்த மாதிரியே நின்றுவிட்டது. அதனால் உள்ளே அடக்குக் கட்டைகள் எல்லாம் நிரந்தர விடுப்பில் போய்விட்டன. கம்பிகளைக் கேட்பாரில்லை. அன்றைக்கு ஆரம்பித்த கூத்துதான் மாப்பிள்ளை! கட்டையைத் தொட வேண்டாம், பக்கத்தில் நின்று உரக்கப் பேசினாலே போதும், நாம் எந்தச் சுருதியில் பேசினோமோ அதே சுருதியில் பியானோ உள்ளுக்குள்ளிருந்து ம்ம்ம்ம் என்று இழுக்கிறது. தும்மினால் தும்முகிறது. கத்திரியைக் கீழே போட்டால் டிங்ங்ங் என்று வருத்தப்படுகிறது. கால்சட்டை நீளம் குறைந்துபோனதென்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், "நான் கேட்ட அளவு என்ன, நீங்க வெட்டியிருக்கற அளவு என்ன?" என்று குரலை உயர்த்தினார். சுவரோரத்திலிருந்து பியானோ அவருக்கு ஒத்து ஊதியது. மனுஷன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, இப்ப எல்லாரும் கணுக்கால் தெரியத்தான் போடறாங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைக்கு நல்லதுதான், வீட்டுக்குத்தான் கஷ்டம். நானும் உங்கள் அத்தையும் சண்டை போடுவதாக இருந்தால் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போட வேண்டியிருக்கிறது. முன்னறையில் போட்டால் அவள் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் பியானோ ஆமாம் போடுகிற மாதிரி இருக்கிறது, இரண்டு பேரை என்னால் சமாளிக்க முடியவில்லை.

மூன்றாவது இடது பெடல். இதில் என் தப்பு எதுவுமே கிடையாது. பியானோவின் கீழ்ப்பலகை ஒரு ஸ்பிரிங் கொக்கியில்தான் நிற்கிறது, அதை அழுத்தினால் பலகை கையோடு வந்துவிடும். உள்ளே பார்த்தால் பெடலுக்குப் போகிற நெம்புகோலும், மேலே போகிற நீளக் குச்சிகளும், மற்றபடி ஒரே காலியிடம். சின்னக் கடையில் அவ்வளவு பெரிய காலியிடத்தைச் சும்மா விட்டுவைக்க எந்தத் தையல்காரனுக்கு மனசு வரும்? தைத்து முடித்த கால்சட்டைகளை மடித்து அதற்குள் அடுக்கினேன். அடுக்குகிறபோது பெடலெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் மிதித்துப் பார்க்கவில்லை.

இந்த நிலைமையில் டீச்சர் வந்தார். நல்ல அம்மா, நெற்றிக்கு மேலே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தோளில் துணிப்பையோடு, உள்ளே வந்ததும் கடையைப் பார்க்காமல் நேரே பியானோவைத்தான் பார்த்தார். ஸ்டூலைத் தன் உயரத்துக்குத் திருகிக்கொண்டார். பெடல் எதையும் மிதிக்காமல் ஒரு சின்னப் பாட்டு வாசித்தார். வாசித்து முடித்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார், பாட்டு முடியவில்லை. முதலில் வாசித்தது, நடுவில் வாசித்தது, கடைசியில் வாசித்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு முழங்கிக்கொண்டே இருந்தது. டீச்சர் தன் கையைப் பார்த்தார். அப்புறம் தன் காலைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை உள்ளேயிருந்து, "ஏங்க, டீச்சருக்குச் சக்கர போடலாமா?" என்று கேட்டாள். பியானோ ம்ம்ம்ம் என்றது.

"யாருங்க அது?" என்றார் டீச்சர்.

"பியானோதாங்க. சக்கர போட்டுக்கலாம்னு சொல்லுது" என்றேன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஏதாவது சொல்ல வேண்டுமே.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. சரி, மெதுவாக வாசித்தால் எப்படி இருக்கிறது என்று பார்ப்போமென்று இடது பெடலை அழுத்தினார். அது பாதியிலேயே இடறியது. அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். உள்ளே நெம்புகோல் எழும்பி அடுக்கை நெட்டித் தள்ளியிருக்க வேண்டும். டப்பென்று கொக்கி விட்டுக் கீழ்ப்பலகை அவர் முழங்கால்மேல் சாய்ந்தது, அதன் பின்னாலேயே கால்சட்டைகள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. மொத்தமும் வந்தபிறகு கடைசியாக ஒரு பெல்ட் வந்தது. டீச்சர் அதைக் கையில் எடுத்து, "இதுவும் பியானோவோட சேர்ந்ததுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, அது பேங்க் மேனேஜரோடது" என்றேன். அவ்வளவு நேரமும் வாசலில் நின்றுகொண்டிருந்தவர் அந்தப் பேங்க் மேனேஜர்தான் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். "ரெடியாகலன்னு சொன்னீங்களே!" என்று அவர் கத்த, அதற்கும் பியானோ அவர் குரலிலேயே ஒரு இழுப்பு இழுத்தது. அவர் கால்சட்டையையும் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு போன வேகத்தில் கூலி கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் நடுப் பெடல். "டீச்சர், அது வேண்டாங்க, அது நல்லாவே இருக்குங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மிதித்துவிட்டார். அதைப் பக்கவாட்டில் தள்ளி மாட்டிவிட்டால் மிதித்தபடியே நிற்குமே, அப்படி மாட்டிவிட்டு இரண்டு கையாலும் வாசித்தார். ஜல்ஜல் ஜல்ஜல். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டீச்சர் சட்டென்று நிறுத்தினார். எழுந்து மேல் மூடியைத் திறந்து, நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

"இத யாரு செஞ்சது?" என்றார்.

"பூச்சிங்க" என்றேன்.

"பூச்சியா?"

"பூச்சி அரிச்சுடுச்சுங்க."

"பூச்சி பட்டன் தைக்குமாங்க?"

டீத் தம்ளரோடு வந்த உங்கள் அத்தை, "எங்க வீட்டுப் பூச்சி தைக்குங்க. ஓரம்கூட அடிக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமலேயே உள்ளே போனாள். டீச்சர் போனை எடுத்து உள்ளே இருந்ததையெல்லாம் படம் பிடித்துக்கொண்டார், டீயைக் குடித்தார், "யோசிச்சுச் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளை, எங்கள் தொழிலில் யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பி வந்த சரித்திரமே கிடையாது. துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாலும் அப்படித்தான், டீயைக் குடித்துவிட்டுச் சொன்னாலும் அப்படித்தான். ஆகவே, மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், பியானோ விலைபோகவில்லை. நான் என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன், என் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது. படம் வேறு பிடித்துக்கொண்டு போயிருக்கிறார், அதைப் பார்த்தபிறகு மற்ற டீச்சர்களும் இந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். இனிமேல் விற்கிற பேச்சை எடுத்தால் உங்களுக்குத்தான் வீண் சிரமம். உங்கள் வேலைக்கு நடுவே இதையெல்லாம் மனசில் போட்டுக்கொண்டு உழல வேண்டாம், அது பாட்டுக்கு இங்கேயே ஒரு ஓரமாகக் கிடக்கட்டும். இடம் அடைக்கிறதே என்று எங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்தால், சும்மா இருக்கிற நேரத்தில் அவளே வாசித்துக்கொள்ளட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை. நாங்கள் ஒன்றும் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் அத்தை ஒவ்வொரு மாதமும் முந்தின நாளே அந்த ஸ்டூலைத் துடைத்து வைப்பது தூசுக்காக மட்டும்தான்.

எலக்ட்ரிக் கீபோர்டைப் பற்றியும் விசாரித்தேன். காதில் மாட்டிக்கொண்டு வாசிக்கலாமாம், பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்காதாம். ஒயரில் ஒரே ஒரு பெடல் தருகிறார்களாம், அதுவும் தரையில் நழுவி ஓடுமாம். நல்ல சாமான்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அவள் வாசிப்பது உங்களுக்குக்கூடக் கேட்காது என்றால் அதில் என்ன லாபம் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. விஞ்ஞானம் தெரிந்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா?

கை நிறைய வேலையும், மனசு நிறைய நிம்மதியும், அளவு கூடாத இடுப்புமாக நீங்கள் இருவரும் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று நானும் உங்கள் அத்தையும் மனமார வாழ்த்துகிறோம். உங்கள் புதுக் கால்சட்டை தயாராக இருக்கிறது. அது பியானோவுக்குள் வைத்திருந்ததில்லை.

இப்படிக்கு,
எப்போதும் உங்கள் சொல்லுக்கு மறுசொல் இல்லாத,
மாமனார்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குப் பசையைத் தேடிக்கொண்டிருந்தேன், வாசலில் டீச்சர்! வந்தவர் நேரே குனிந்து, வலது பெடல் பொந்தில் விரலை விட்டு, தோலை உருவி என் கையில் கொடுத்தார். "இது உங்க கடைச் சாமான்தானேங்க?" என்றார். பியானோ அந்த நொடியிலேயே வாயை மூடிக்கொண்டது. கீழே கிடந்த கால்சட்டைகளைத் தாண்டிப் போய் உட்கார்ந்து நடுப் பெடலை மாட்டிவிட்டு வாசித்தார், வாசித்துக்கொண்டே சிரித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நாடகத்துக்கு இந்த ஜல்ஜல் சத்தத்தைத்தான் அவர் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தாராம். "ஒரு கட்டை விடாம எவ்வளவு நேர்த்தியா தைச்சிருக்கீங்க! இப்படியெல்லாம் செஞ்சு தர ஆளே கிடைக்கலீங்க. அந்தத் துணிய மட்டும் கழட்டிடாதீங்க, திங்கக்கிழம வண்டியோட வந்து எடுத்துக்கறேன்" என்றார். என் தையலை ஒருவர் இப்படி வாய்விட்டுப் புகழ்ந்து எவ்வளவோ காலமாயிற்று. ஒரு நிமிஷம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "சரிங்க டீச்சர்" என்றேன்.

உங்கள் அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டு மூடிய பியானோமேல் கையை வைத்துக்கொண்டிருக்கிறாள், டீ ஆறிப்போய் இருக்கிறது.

மாப்பிள்ளை, மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். தோலை ஒரு மடிப்பு கூடுதலாக வைத்தது தெரிந்துதான் வைத்தேன். பட்டனைச் சுத்தியலுக்கு நேராகக் குறி போட்டுத் தைத்ததும் தெரிந்துதான் தைத்தேன். இவ்வளவு நன்றாகத் தைத்திருக்கக் கூடாது. பியானோ போய்விட்டால் பாப்பா வர மாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு இசை தெரியாது, அவள் வாசிப்பது நல்லதா சுமாரா என்றுகூடத் தெரியாது. நான் முன்னறையில் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் அவள் இருக்கிறாள் என்று தெரிகிறது, எனக்கு அது போதும். கீபோர்டை நீங்கள் தாராளமாக வாங்கிக் கொடுங்கள், இதுவும் இருக்கட்டும். இந்தப் பின்குறிப்பைப் பாப்பாவிடம் காட்டுங்கள். வேண்டாம், காட்டாதீர்கள். அப்பா அழுதார் என்று அவள் வர வேண்டாம், அவளுக்கே தோன்றி வரட்டும். நீங்கள் டீச்சருக்கு மட்டும் திங்கட்கிழமைக்குள் ஒரு போன் போட்டு, விற்பதற்கில்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை எனக்கு யாரிடமும் சொல்ல வரவில்லை. உங்களிடமும் அன்றைக்கு வரவில்லை.